ஆற்றல் தணிக்கையும் உமிழ்வுக் கணக்கும்: ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்துக்காகப் பெற்ற சேவையின் மதிப்பாய்வு

நாங்கள் பெற்ற சேவை இரண்டு பாகங்கள் கொண்டது. ஒன்று, கட்டடத்தின் மின்னுகர்வையும் எரிபொருள் செலவையும் அளந்து, எங்கே வீணாகிறது என்று சொல்லும் ஆற்றல் தணிக்கை; மற்றொன்று, அந்த நுகர்வினால் ஓராண்டில் எத்தனை டன் பசுங்குடில் வாயுக்கள் வெளியேறுகின்றன என்று கணக்கிட்டுத் தரும் உமிழ்வு அறிக்கை. இரண்டையும் ஒரே ஆலோசனை நிறுவனம் ஒரே ஒப்பந்தத்தில் செய்து கொடுத்தது. பல மாடிகளும் பல வாடகை நிறுவனங்களும் மையக் குளிரூட்டும் நிலையமும் கொண்ட அலுவலகக் கட்டடம் ஒன்றின் பொறியியல் பராமரிப்பைக் கவனித்துக்கொள்பவன் என்ற முறையில், தொடக்கம் முதல் கடைசி வரை அவர்களுடன் இருந்து பார்த்தவற்றை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: அளவீட்டுப் பாகம் மிக நன்று, உமிழ்வு அறிக்கையோ, கேள்வி கேட்டுத் திருத்தி வாங்கினால்தான் பயன்படும். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. குறையாக இங்கே சொல்லப்படுபவை அந்த நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல. இந்தத் தொழிலில் இருக்கும் பலருடைய அறிக்கைகளிலும் அவற்றைப் பார்க்க முடிகிறது.

ஒரு தணிக்கையாளரின் தரம் அவர் வருவதற்கு முன்பு கேட்கும் ஆவணங்களிலேயே ஓரளவு தெரிந்துவிடும். இவர்கள் மின்கட்டண ரசீதுகளோடு நிற்கவில்லை. பிரதான மீட்டரில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும் தரவு, சில்லரை (குளிர்நீர் தயாரிக்கும் பெரிய இயந்திரத்தை) இயக்குபவர்கள் கையால் எழுதும் பதிவேடு, ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசலின் கணக்கு, குளிர்பதன வாயு நிரப்பிய நாள்களும் அளவுகளும், மாடிவாரியான பரப்பளவு, எந்த மாடி எந்த மாதத்தில் காலியாக இருந்தது என்ற விவரம் ஆகிய அனைத்தையும் எழுத்து மூலம் கேட்டார்கள். குளிரூட்டல், காற்றோட்டப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரே ஆற்றல் தணிக்கையை மூன்று நிலைகளாகப் பிரித்திருக்கிறது: சுற்றிப் பார்த்துச் சொல்வது முதல் நிலை, அளந்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் சேமிப்பையும் செலவையும் கணக்கிடுவது இரண்டாம் நிலை, பெரிய முதலீடு தேவைப்படும் மாற்றங்களை நுணுக்கமாக ஆராய்வது மூன்றாம் நிலை. எங்கள் ஒப்பந்தம் இரண்டாம் நிலைக்கானது. விலைப்புள்ளி கேட்பவர்கள் எந்த நிலை என்று எழுதிக் கேட்காவிட்டால், முதல் நிலைப் பணியை இரண்டாம் நிலையின் பெயரில் பெறும் வாய்ப்பு அதிகம்.

அவர்கள் செய்த வேலைகளிலேயே சிறந்தது, கட்டடம் மூடியிருக்கும் நேரத்தை ஆராய்ந்ததுதான். வாரத்துக்கு 168 மணி நேரம். நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் இயங்கும் அலுவலகம் உண்மையில் பயன்படுத்தப்படுவது 50 மணி நேரம் மட்டுமே. மீதமுள்ள 118 மணி நேரமும் காவலர்களையும் துப்புரவுப் பணியாளர்களையும் தவிர உள்ளே பெரும்பாலும் ஆள் இல்லை. அந்த நேரத்தில் மின்சுமை பகல் சுமையில் மூன்றில் ஒரு பங்காக இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். பகல் சுமையை ஒன்று என்று கொண்டால், பணி நேரத்தில் 50 பங்கு, மற்ற நேரத்தில் 39 பங்கு. அதாவது மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ 44 விழுக்காடு யாரும் இல்லாத கட்டடத்தில் செலவாகிறது. விளக்குகளை மாற்றுவதையும் சில்லரை மாற்றுவதையும் பற்றியே பேசிப் பழகிய எங்கள் நிர்வாகத்துக்கு, பணம் எங்கே போகிறது என்பதை இந்த ஒரு கணக்கு விளங்கவைத்தது. எங்கள் கட்டடத்தின் சுமை வரைபடமும் இதே சாயலில்தான் இருந்தது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு கோடு கீழே இறங்கி, மேசை விளிம்பைப் போலத் தட்டையாக விடியும்வரை நீண்டது. ஞாயிற்றுக்கிழமையிலும் அதே உயரம்.

வரைபடத்தைக் காட்டிவிட்டு, “இரவுச் சுமையைக் குறைக்கவும்” என்று ஒரு வரி எழுதிப் போகும் தணிக்கையாளர்களும் உண்டு. இவர்கள் நள்ளிரவில் வந்து, கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டருடன் ஒவ்வொரு மின்பலகையாகத் திறந்து பார்த்தார்கள். வாகன நிறுத்தத் தளத்தின் காற்றோட்ட மின்விசிறிகள் ஒரு வண்டியும் இல்லாத நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கழிவறைகளின் வெளியேற்று மின்விசிறிகளும் அவ்வாறே. ஒரே ஒரு வாடகை நிறுவனத்தின் சர்வர் அறைக்காக, முழுக் கட்டடத்துக்கும் உரிய குளிர்நீர் பம்ப் ஒன்றும் ஒரு பெரிய சில்லரும் மிகக் குறைந்த சுமையில் இரவு முழுவதும் இயங்கின. சில மாடிகளில் காற்றுக் கையாளும் அலகுகளின் (குளிர்ந்த காற்றை மாடிக்குள் செலுத்தும் மின்விசிறிப் பெட்டிகளின்) சுவிட்ச், கணினி இயக்கும் “ஆட்டோ” நிலையில் இல்லாமல், நிற்காமல் ஓடும் “ஹேண்ட்” நிலையில் இருந்தது. கட்டட மேலாண்மைக் கணினியின் திரையில் அந்த அலகுகள் நின்றுவிட்டதாகவே காட்டியது. அறைக்குள் போய்க் குழாயில் கை வைத்தால்தான் அவை ஓடுவது தெரிந்தது.

ஏன் இப்படி என்று கேட்டபோது இரவுப் பணியில் இருந்த இயக்குநர் தயங்காமல் சொன்னார்: “ஆட்டோவில் போட்டால் காலையில் மேல்மாடியிலிருந்து போன் வந்துவிடும் சார். அறை குளிரவில்லை என்று சத்தம் போடுவார்கள். அதனால் ஹேண்டிலேயே விட்டுவிட்டோம்.” தணிக்கையாளர் இதைப் பணியாளர் தவறாக எழுதிவிட்டுப் போகவில்லை. மேல்மாடியில் காலை நேர வெப்பம் ஏன் குறையவில்லை என்று தேடி, அங்கே ஒரு கட்டுப்பாட்டு வால்வின் மோட்டார் பழுதாகி, பாதி திறந்த நிலையிலேயே நின்றுவிட்டதைக் கண்டுபிடித்தார். ஒரு வால்வின் பழுதை மறைக்க நான்கு மாடிகளின் மின்விசிறிகள் இரவெல்லாம் ஓடியிருக்கின்றன. இந்த ஒரு கண்டுபிடிப்புக்காகவே அளவீட்டுப் பாகத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

துணை மீட்டர்களைச் சரிபார்த்ததும் குறிப்பிடத் தக்கது. எல்லாத் துணை மீட்டர்களின் கூட்டுத்தொகையும் பிரதான மீட்டரோடு பொருந்தவில்லை. வேறுபாடு கேபிள் இழப்பு என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு இருந்தது. ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, ஒரு மின்பலகையில் மின்னோட்டத்தை மீட்டர் அளக்கும் அளவுக்குக் குறைத்துத் தரும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் 400/5 விகிதத்தில் (400 ஆம்பியரை 5 ஆக்குவது) பொருத்தப்பட்டிருக்க, மீட்டரின் அமைப்பில் 200/5 என்று பதிந்திருந்தது தெரியவந்தது. அந்த மீட்டர் எப்போதும் உண்மையில் பாதியைத்தான் காட்டிவந்திருக்கிறது. அதை நம்பித்தான் பம்ப் அறை சிக்கனமாக இயங்குகிறது என்று மாதாந்திர அறிக்கை எழுதப்பட்டு வந்தது. எந்தச் சேமிப்புத் திட்டத்தையும் தொடங்குவதற்கு முன் மீட்டர்களையே சோதிக்க வேண்டும் என்று கேட்கும் தணிக்கையாளர் கிடைத்தால், அவரை விட்டுவிட வேண்டாம்.

குளிரூட்டும் நிலையத்தைப் பற்றிய பகுதி அறிக்கையிலேயே நீளமானது. குளிர்நீர் 7 டிகிரி செல்சியஸில் புறப்பட்டு 12 டிகிரியில் திரும்ப வேண்டும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்ட அமைப்பு இது. அவர்கள் அளந்தபோது நீர் 9 டிகிரியிலேயே திரும்பி வந்தது. வெப்பநிலை வேறுபாடு ஐந்திலிருந்து இரண்டாகக் குறைந்தால், அதே அளவு குளிர்ச்சியைக் கொடுக்க இரண்டரை மடங்கு நீரைச் சுற்ற வேண்டும். பம்ப்கள் வீணாக உழைப்பது ஒருபுறம்; நீரோட்டம் போதாமல் இரண்டாவது சில்லரைத் தேவைக்கு முன்பே ஓட்ட நேரிடுவது மறுபுறம். காரணம், சில மாடிகளின் குழாய்களில் பக்கவழி வால்வுகள் திறந்தே கிடந்தன. பம்ப்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் முன்பே பொருத்தப்பட்டிருந்தும், அவை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, அதே குழாயில் சமன்செய்யும் வால்வு பாதி மூடப்பட்டிருந்தது. வண்டியின் ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் ஒன்றாக மிதிக்கும் வேலை அது. மின்விசிறிக்கும் பம்புக்கும் தேவைப்படும் மின்திறன், குழாய் அமைப்பு மாறாதபோது, ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும் என்பது பொறியியல் பாடம். வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் மின்திறன் 51 விழுக்காட்டளவுக்கு இறங்கும். வால்வைத் திறந்து வேகத்தைக் குறைப்பதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. சுமை குறைவான மாதங்களில் குளிர்நீரின் வெப்பநிலையைச் சிறிது உயர்த்தலாம் என்பதும் அவர்கள் பரிந்துரை. ஒவ்வொரு டிகிரிக்கும் கம்ப்ரசரின் மின்சாரத்தில் இரண்டு முதல் மூன்று விழுக்காடு மிச்சமாகும். ஈரப்பதம் கூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையையும் கூடவே எழுதியிருந்தார்கள்.

இவ்வளவையும் கண்டுபிடித்தவர்கள், அதே அத்தியாயத்தின் இறுதியில் சில்லரையே மாற்றிவிடப் பரிந்துரைத்திருந்தது எனக்கு ஒப்பவில்லை. புதிய சில்லரின் அளவை இப்போதைய உச்ச சுமையை வைத்துத் தீர்மானித்திருந்தார்கள். வால்வுகளைச் சரிசெய்து, கண்ணாடிக்கு வெயில் தடுப்புப் படலம் ஒட்டி, மிச்சமுள்ள பழைய விளக்குகளையும் மாற்றிய பிறகு அந்த உச்ச சுமை எவ்வளவாக இருக்கும் என்ற கணக்கு இல்லை. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 2009இல் அறிவிக்கப்பட்ட புதுப்பிப்புத் திட்டம் இந்த வரிசையைச் சரியாகக் கையாண்டது. அங்கே 6,514 சன்னல்களையும் கழற்றி, கட்டடத்துக்குள்ளேயே ஒரு பட்டறை அமைத்து, கண்ணாடிகளுக்கு இடையே படலம் செருகித் திரும்பப் பொருத்தினார்கள். ரேடியேட்டர்களுக்குப் பின்னால் வெப்பத்தைத் திருப்பும் தடுப்புகள் வைத்தார்கள். குளிரூட்டும் சுமை முதலில் குறைந்ததால், சில்லர் நிலையத்தைப் பெரிதாக்கி மாற்றாமல் இருப்பதையே சீர்செய்து பயன்படுத்த முடிந்தது. மொத்த ஆற்றல் நுகர்வில் 38 விழுக்காடு குறையும் என்பது அத்திட்டத்தின் இலக்கு. முதலில் சுமையைக் குறை, பிறகு கருவியைத் தேர்ந்தெடு என்ற வரிசை எந்த ஊர்க் கட்டடத்துக்கும் பொருந்தும். எங்கள் தணிக்கையாளர்கள் இதை ஏற்றுக்கொண்டு அத்தியாயத்தைத் திருத்தித் தந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

காற்றோட்டத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. கூட்ட அறைகளில் கார்பன் டை ஆக்சைடு உணரிகள் இருந்தன. ஆள் கூடினால் வெளிக்காற்றைக் கூட்டுவதும், அறை காலியானால் குறைப்பதும் அவற்றின் வேலை. வெளிக்காற்றில் இந்த வாயு இப்போது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு இருக்கிறது. நெடுநேரம் காலியாகக் கிடந்த அறையிலும் அதையொட்டிய எண்ணே வர வேண்டும். சில உணரிகள் காலி அறையில் 700க்கு மேல் காட்டின. அவை பல ஆண்டுகளாகச் சரிபார்க்கப்படாமல் விலகிப்போயிருந்ததால், ஆள் இல்லாத அறைக்கும் வெளிக்காற்றை இழுத்துக் குளிரவைத்துக்கொண்டிருந்தோம். விளக்குகள், மின்தூக்கிகள், யு.பி.எஸ். பற்றிய அத்தியாயங்களில் புதிதாக ஒன்றும் இல்லை. எந்த அறிக்கையிலும் காணக்கூடிய வரிகள்.

சேமிப்பு மதிப்பீட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஒவ்வொரு பரிந்துரையின் சேமிப்பையும் இன்றைய நுகர்விலிருந்து தனித்தனியாகக் கணக்கிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிவிட்டார்கள். இருபது விழுக்காடு மிச்சப்படுத்தும் இரண்டு நடவடிக்கைகள் ஒரே அமைப்பின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் மொத்தம் 36 விழுக்காடுதானே தவிர நாற்பது அல்ல; இரண்டாவது நடவடிக்கை, முதலாவது விட்டுவைத்த மிச்சத்தின்மேல்தான் வேலை செய்கிறது. விளக்குகளின் வெப்பம் குறைந்தால் சில்லரின் சுமையும் குறைகிறது; அப்படிக் குறைந்த சுமைக்குத்தான் புதிய சில்லரின் சேமிப்பைக் கணக்கிட வேண்டும். பட்டியலில் பரிந்துரைகள் கூடக் கூட இந்தப் பிழையும் வளரும். கூட்டுத்தொகையைப் பார்த்தவுடன் நிர்வாகக் குழு மகிழ்ந்துபோனதால், அதைக் குறைத்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

சேமிப்பு உண்மையில் கிடைத்ததா என்று சரிபார்க்க அவர்கள் ஐ.பி.எம்.வி.பி. என்ற பன்னாட்டு நெறிமுறையைப் பின்பற்றினார்கள். முழுக் கட்டடத்தின் மீட்டரை வைத்துச் சரிபார்க்கும் முறைக்கு, எதிர்பார்க்கும் சேமிப்பு மொத்த நுகர்வில் ஏறத்தாழ பத்து விழுக்காட்டுக்கு மேல் இருப்பது நல்லது; அதற்குக் கீழே போனால் தட்பவெப்ப மாற்றங்களின் இரைச்சலில் சேமிப்பு காணாமல் போய்விடும். ஆகவே பம்ப்களுக்குத் தனி மீட்டர் வைத்துச் சரிபார்த்தது சரியான முடிவு. மாற்றம் செய்யாவிட்டால் நுகர்வு எவ்வளவு இருந்திருக்கும் என்று கணிக்கும் ஒப்பீட்டு மாதிரியில் வெளிவெப்பநிலையை மட்டும் சேர்த்திருந்தார்கள். ஆள் இருப்பையும் சேர்க்கும்படி கேட்டோம். வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை என்ற ஏற்பாடு பரவிய பிறகு, ஆள் கணக்கு இல்லாத மாதிரி எந்த அலுவலகக் கட்டடத்துக்கும் பொருந்தாது.

இனி உமிழ்வு அறிக்கை. இதில்தான் என் குறைகள் கூடுதல்.

கட்டடங்களின் பயன்பாடு உலகின் இறுதி ஆற்றல் நுகர்வில் ஏறத்தாழ 30 விழுக்காட்டையும் ஆற்றல் சார்ந்த உமிழ்வில் 26 விழுக்காட்டையும் எடுத்துக்கொள்கிறது என்று பன்னாட்டு ஆற்றல் முகமை சொல்கிறது. அந்த 26இல் 8 மட்டுமே கட்டடங்களில் நேரடியாக எரிப்பதால் வருவது. 18, அவற்றுக்காக வேறிடத்தில் மின்சாரமும் வெப்பமும் உற்பத்தி செய்வதால் வருவது. ஆகையால் அலுவலகக் கட்டடத்தின் உமிழ்வுக் கணக்கு என்பது பெரும்பாலும் மின்சாரக் கணக்குதான். யூனிட் எண்ணிக்கையை எந்த உமிழ்வுக் காரணியால் (ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ உமிழ்வு என்ற எண்ணால்) பெருக்குகிறோம் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. உமிழ்வைக் கணக்கிடும் பன்னாட்டு விதித்தொகுப்பான பசுங்குடில் வாயு நெறிமுறை 2015இல் வெளியிட்ட ஸ்கோப் 2 (வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வு) வழிகாட்டுதலின்படி இரண்டு எண்கள் வேண்டும். கட்டடம் இணைந்திருக்கும் மின்தொகுப்பின் சராசரிக் காரணியை வைத்துக் கணக்கிடும் இடம் சார்ந்த எண் ஒன்று. வாங்கிய ஒப்பந்தங்களையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ்களையும் கருத்தில் கொள்ளும் சந்தை சார்ந்த எண் மற்றொன்று. அத்தகைய ஒப்பந்தங்கள் கிடைக்கும் சந்தையில் இயங்கும் நிறுவனம் இரண்டையும் வெளியிட வேண்டும் என்பது விதி.

எங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் இருந்தது சந்தை சார்ந்த எண் மட்டுமே. சான்றிதழ் வாங்கிய பங்குக்கு உமிழ்வு பூச்சியம் என்று வைத்து, உமிழ்வு வெகுவாகக் குறைந்துவிட்டதாகப் பச்சை நிற அம்புக்குறி போட்டிருந்தார்கள். இடம் சார்ந்த எண் பின்னிணைப்பில் சிறிய எழுத்தில் கிடந்தது. அந்த ஆண்டில் ஒரு மோட்டாரும் குறைவாக ஓடவில்லை, ஒரு விளக்கும் முன்னதாக அணைக்கப்படவில்லை. சான்றிதழ் வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைக் கட்டடத்தின் செயல்திறனாகக் காட்டுவது, படிப்பவரை ஏமாற்றுவதற்கு மிக அருகில் வருகிறது. நள்ளிரவில் வந்து மின்பலகைகளைத் திறந்து பார்த்த அதே நிறுவனத்திலிருந்து இப்படியொரு முதல் பக்கம் வந்தது வியப்புதான். தணிக்கைக் குழுவும் உமிழ்வுக் குழுவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்பது பிறகு தெரிந்தது.

மின்தொகுப்பின் காரணி ஆண்டுதோறும் மாறுவதும் இதே போன்ற மயக்கத்தை உண்டாக்கும். ஒரு கட்டடத்தின் நுகர்வு 4 விழுக்காடு கூடியது, மின்தொகுப்பில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் சேர்ந்து காரணி 10 விழுக்காடு குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். 1.04ஐ 0.90ஆல் பெருக்கினால் 0.936, உமிழ்வு 6.4 விழுக்காடு குறைந்ததாக அறிக்கை சொல்லும். கட்டடமோ முன்பைவிட மோசமாக இயங்கியிருக்கிறது. ஆகவே, உமிழ்வு மாற்றத்தில் நுகர்வு மாறியதால் வந்தது எவ்வளவு, காரணி மாறியதால் வந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் அட்டவணையைக் கேட்டோம். தயங்கித் தயங்கித் தந்தார்கள். எனக்கு அந்த ஒற்றை அட்டவணை மற்ற எல்லாப் பக்கங்களையும்விடப் பயனுள்ளதாக இருந்தது.

நேரடி உமிழ்வைக் குறிக்கும் ஸ்கோப் 1இல் ஜெனரேட்டர் டீசலை மட்டும் கணக்கில் எடுத்து, குளிர்பதன வாயுக் கசிவைப் “புறக்கணிக்கத்தக்கது” என்று எழுதியிருந்தார்கள். இதை ஏற்கவே முடியாது. பெரிய சில்லர்களில் பரவலாகப் பயன்படும் ஆர்-134ஏ வாயுவின் புவி வெப்பமாக்கும் திறன், ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஐந்தாம் மதிப்பீட்டறிக்கைப்படி, கார்பன் டை ஆக்சைடைப்போல 1,300 மடங்கு. ஒரு சில்லரில் ஆண்டுக்கு 50 கிலோ கசிந்து, அதை மறுபடி நிரப்பியிருந்தால், அது 65 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ வெளியேறுகிறது. அந்தக் கணக்கில் 65 டன் என்பது 24,000 லிட்டர் டீசல். மின்வெட்டு அரிதாக உள்ள கட்டடத்தில் ஜெனரேட்டர் ஆண்டு முழுவதும் குடிக்கும் டீசல் இதில் ஒரு சிறு பகுதிகூட இருக்காது. சிறிய குளிர்சாதனங்களில் பயன்படும் ஆர்-410ஏவின் மதிப்பு இன்னும் அதிகம், நான்காம் அறிக்கைப்படி 2,088. இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பழைய ஆர்-22 வாயு, ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வருவதால், பசுங்குடில் வாயு நெறிமுறை அதை ஸ்கோப் கணக்குகளுக்கு வெளியே தனியாகக் காட்டச் சொல்கிறது. தனியாகவும் காட்டாவிட்டால், நான்காம் அறிக்கைப்படி வெப்பமாக்கும் திறன் 1,800 மடங்கைத் தாண்டும் ஒரு வாயு எந்தக் கணக்கிலும் வராமலேயே காற்றில் கலந்துவிடும். எங்கள் பராமரிப்புப் பதிவேட்டில் நிரப்பிய அளவுகள் கிலோ கணக்கில் இருந்தன. அவர்களே முதலில் கேட்டு வாங்கிய பதிவேடுதான் அது. எடுத்து முன்னால் வைத்ததும் கணக்கைத் திருத்தினார்கள்.

மற்ற மறைமுக உமிழ்வுகளைக் குறிக்கும் ஸ்கோப் 3 பற்றிய அத்தியாயத்தில், பணியாளர்களின் போக்குவரத்து உமிழ்வு ஒரு வினாத்தாளுக்கு வந்த பதில்களிலிருந்து ஊகிக்கப்பட்டது. பதில் அளித்தவர்கள் குறைவு. அதைவிட முக்கியமானது வாடகை நிறுவனங்களின் மின்சாரம்: அதைக் கட்டட உரிமையாளரின் கணக்கில் ஸ்கோப் 2இல் வைப்பதா, ஸ்கோப் 3இல் வைப்பதா என்பது, எல்லையை வரையறுக்க எந்த அணுகுமுறையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இவர்கள் ஓர் அணுகுமுறையைத் தேர்ந்தெடுத்து, அதன் காரணத்தையும் எழுதியிருந்தார்கள். அந்த அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒப்பீட்டு எண்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற அளவை வைத்துத்தான் கட்டடங்களை ஒப்பிடுகிறார்கள். கீழே எந்தப் பரப்பளவை வைத்து வகுக்கிறார்கள் என்று பார்க்காதவர் எளிதில் ஏமாறுவார். குளிரூட்டப்படாத வாகன நிறுத்தத் தளத்தையும் சேர்த்து வகுத்தால் எந்தக் கட்டடமும் சிக்கனமாகத் தெரியும். பாதி மாடிகள் காலியாக இருக்கும் கட்டடமும் அப்படியே. அங்கு ஒரு பணியாளருக்கு ஆகும் மின்சாரமோ மிக அதிகமாக இருக்கும். முதல் வரைவில் வாகனத் தளம் பரப்பளவுக்குள் இருந்தது. நீக்கியதும் எங்கள் எண் கூடிவிட்டது. நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் அந்த எண்தான் நின்றது.

சேவையின் நடைமுறையைப் பொறுத்தவரை, ஒப்புக்கொண்ட காலத்தில் வேலையை முடித்தார்கள். குளிரூட்டும் நிலைய இயக்குநர்களுடன் உட்கார்ந்து, அளந்த எண்களை அவர்களுக்குப் புரியும்படி விளக்கினார்கள். அறிக்கையை அச்சிட்ட கோப்பாக மட்டும் கொடுத்து, லாகர்களில் (அளவுகளைத் தானே பதிந்துவைக்கும் கருவிகளில்) பதிவான மூலத் தரவைத் தங்களிடமே வைத்துக்கொள்ள முயன்றது சரியல்ல. எங்கள் கட்டடத்தில் எங்கள் செலவில் அளந்தது அது. கேட்டு வாங்கிக்கொண்டோம். பின்தொடர்வு மிகவும் பலவீனமானது. சில மாதங்கள் கழித்து நாங்களாகவே சுற்றிப் பார்த்தபோது, “ஆட்டோ”வுக்கு மாற்றிய சுவிட்சுகளில் சில மறுபடியும் “ஹேண்ட்” நிலைக்குத் திரும்பியிருந்தன. ஒருமுறை வந்து அளந்துவிட்டுப் போகும் சேவையால் இதைத் தடுக்க முடியாது. மீட்டர் தரவைத் தொடர்ந்து பார்த்து, இரவுச் சுமை ஏறும்போதே எச்சரிக்கை தரும் ஏற்பாடு அவர்களிடம் தனிச் சேவையாக இருக்கிறது; அதை முதல் ஒப்பந்தத்திலேயே சேர்த்திருக்க வேண்டும் என்று விற்கும்போது அவர்கள் சொல்லவில்லை.

இதே போன்ற சேவையைப் பெற நினைப்பவர்கள் ஒப்பந்தத்தில் சிலவற்றை எழுத்தில் கேட்டுக்கொள்ளலாம்: ஆள் இல்லாத நேரத்தில் ஒரு முழு ஆய்வு, மீட்டர்களின் சரிபார்ப்பு, மூலத் தரவின் உரிமை, சேமிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிடும் முறை, உமிழ்வு அறிக்கையின் முதல் பக்கத்தில் யூனிட் எண்ணிக்கையும் இரண்டு ஸ்கோப் 2 எண்களும் ஒரே அளவு எழுத்தில். நாங்கள் அளவீட்டுக்கும் சரிபார்ப்புக்கும் அதே நிறுவனத்தோடு ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருக்கிறோம். உமிழ்வுக் கணக்கை மட்டும் பிரித்தெடுத்து, பராமரிப்புப் பிரிவிலேயே செய்துகொள்வதாக முடிவு செய்தோம். மீட்டர் எண்ணும், டீசல் லிட்டரும், நிரப்பிய வாயுவின் கிலோவும் ஏற்கெனவே எங்கள் பதிவேட்டில் இருக்கும்போது, அவற்றை உரிய காரணிகளால் பெருக்கிக் கூட்டுவதற்கு வெளியாள் தேவையில்லை.